சிறிய பிரைம் லென்ஸை எப்படி மதிப்பிடுவது?

சிறிய பிரைம் லென்ஸ் ஒன்றைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் ‘நல்ல ஷார்ப்’, ‘ரெண்டரிங் அருமை’, ‘ஆட்டோஃபோகஸ் சரியில்லை’ என்பன போன்ற தீர்ப்புகள் உடனே கிடைத்துவிடும். எந்த அப்பர்ச்சரில் (லென்ஸின் துளை அளவில்), எவ்வளவு தூரத்தில், படத்தின் எந்தப் பகுதியில் என்று தொடர்ந்து கேட்டால்தான் விடை தடுமாறுகிறது. ஃபோகஸ் தவறிய படத்தைப் பார்த்து லென்ஸுக்குக் கூர்மை இல்லை என்கிறோம். கை அசைந்து கலங்கிய படத்துக்கும் லென்ஸையே குறை சொல்கிறோம். பின்னணி மங்கலாக இருந்தாலே ரெண்டரிங் நன்றாக இருப்பதாக முடிவு கட்டிவிடுகிறோம். முதன்முறையாக லென்ஸ் வாங்குபவர் இத்தகைய தீர்ப்புகளை நம்பித் தமக்குப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க இயலாது.

கூர்மை, ரெண்டரிங், ஆட்டோஃபோகஸ் ஆகிய இம்மூன்றும் தனித்தனிக் குணங்களாகத் தோன்றினாலும் அவற்றின் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: எதிரே உள்ள ஓர் ஒளிப்புள்ளியை லென்ஸ், கேமராவில் ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் மேல் எப்படி வரைகிறது? ஃபோகஸில் இருக்கும் புள்ளி எவ்வளவு நுண்ணியதாக விழுகிறது என்பது கூர்மை. ஃபோகஸுக்கு வெளியே இருக்கும் புள்ளி எந்த வடிவில் விரிகிறது என்பது ரெண்டரிங்கின் பெரும்பகுதி. நாம் விரும்பும் புள்ளியைத் தவறாமல் ஃபோகஸுக்குள் கொண்டுவருவது ஆட்டோஃபோகஸின் வேலை.

சிறியதாக இருப்பதற்குக் கொடுக்கும் விலை

பிரைம் லென்ஸ் என்பது குவியத் தூரம் மாறாத லென்ஸ்; அதில் ஜூம் செய்ய முடியாது. அப்பர்ச்சர் என்பது ஒளி நுழைவதற்காக லென்ஸுக்குள் இருக்கும் துளை. குவியத் தூரத்தை அத்துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். 40 மி.மீ. லென்ஸில் எஃப்/2.8 என்றால் துளையின் விட்டம் ஏறத்தாழ 14 மி.மீ.; எஃப்/2 என்றால் 20 மி.மீ. எண் சிறிதாகச் சிறிதாகத் துளை பெரிதாகும்.

துளை பெரிதானால் கண்ணாடியின் ஓரங்கள் வழியாகவும் ஒளி நுழையும். ஓரங்களில் நுழையும் கதிர்களை நடுவில் நுழையும் கதிர்களோடு ஒரே புள்ளியில் சேர்ப்பதுதான் லென்ஸ் வடிவமைப்பின் பெரும் சிரமம். அதற்குக் கூடுதல் கண்ணாடிகளும், விலை உயர்ந்த கண்ணாடி வகைகளும், நீளமான உடலும் தேவைப்படுகின்றன. லென்ஸ் சிறியதாக இருக்க வேண்டும் என்றால் வடிவமைப்பாளர் துளையைச் சிறிதாக வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது சில பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அல்லது அவற்றைத் திருத்தும் பொறுப்பைக் கேமராவின் மென்பொருளிடம் விட வேண்டும். 1902-இல் ஜெர்மனியின் சைஸ் (Zeiss) நிறுவனத்தில் பால் ருடால்ஃப் உருவாக்கிய டெஸ்ஸார் லென்ஸ் நான்கே கண்ணாடிகளைக் கொண்டது. மிதமான அப்பர்ச்சரோடு நிறைவடைந்தால் சில கண்ணாடிகளைக் கொண்டே தெளிவான படத்தைப் பெறலாம் என்பதற்கு அது இன்றும் நல்ல சான்று. 2012-இல் வெளிவந்த கேனன் 40 மி.மீ. எஃப்/2.8 லென்ஸின் தடிமன் 22.8 மி.மீ., எடை 130 கிராம். எஃப்/2.8-க்கு மேல் துளை திறக்காது என்பதே அந்த மெல்லிய உருவத்துக்கான விலை.

எனவே ஒரு சிறிய லென்ஸைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதில் எது விட்டுக்கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதும், அந்த இழப்பு நாம் எடுக்கும் படங்களைப் பாதிக்குமா என்பதும்தான்.

கூர்மைக்குள் இருக்கும் இரண்டு குணங்கள்

பேனாவால் தாளில் நெருக்கமாகக் கோடுகள் போடுவதாக நினைத்துக்கொள்வோம். பேனாவின் முனை தடிமனாக இருந்தால் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்; எத்தனை கோடுகள் என்று எண்ணவே முடியாது. முனை மெல்லியதாக இருந்து, தாள் மையை உறிஞ்சி லேசாகப் பரவவிட்டால், கோடுகளை எண்ண முடியும். ஆனால் அவற்றுக்கு இடையே உள்ள வெண்மை சாம்பல் நிறமாக மங்கிவிடும்.

லென்ஸிலும் இவ்விரண்டும் தனித்தனியாக நிகழ்கின்றன. அடுத்தடுத்த நுண்விவரங்களைத் தனித்தனியாகக் காட்டும் ஆற்றல் பிரிதிறன். அவ்விவரங்களின் கருமைக்கும் வெண்மைக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் குறைக்காமல் காட்டும் ஆற்றல் கான்ட்ராஸ்ட். சாதாரண அளவில் படத்தைப் பார்க்கும்போது நம் கண் ‘ஷார்ப்’ என்று உணர்வது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். பிரிதிறன் மிகுந்தும் கான்ட்ராஸ்ட் குறைந்த பழைய லென்ஸ் ஒன்று, மெல்லிய பனித்திரை போர்த்தியது போன்ற படத்தைத் தரும். மென்பொருளில் கான்ட்ராஸ்டைச் சற்று உயர்த்தியதும் ஒளிந்திருந்த விவரங்கள் எல்லாம் வெளிவரும். பிரிதிறனே இல்லாத லென்ஸின் படத்தை எந்த மென்பொருளும் அவ்வாறு மீட்டுத்தராது.

தயாரிப்பாளர்கள் வெளியிடும் எம்.டி.எஃப். வரைபடம் இவ்விரண்டையும் சேர்த்தே காட்டுகிறது. ஒரு கருப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தது ஒரு கோட்டிணை. ஒரு மில்லிமீட்டருக்குள் 10 கோட்டிணைகள் இருந்தால் அவற்றின் கான்ட்ராஸ்டில் எவ்வளவு பங்கு எஞ்சுகிறது, 30 கோட்டிணைகள் இருந்தால் எவ்வளவு எஞ்சுகிறது என்பதை அதன் வளைகோடுகள் சொல்கின்றன. 10-க்கான கோடு உயரத்தில் இருந்தால் படம் பளிச்சென்று இருக்கும். 30-க்கான கோடு உயரத்தில் இருந்தால் நுண்விவரம் நன்றாக இருக்கும். வரைபடத்தின் இடது முனை படத்தின் நடுப்புள்ளி. வலது முனை மூலை. ஃபுல் ஃப்ரேம் (36 × 24 மி.மீ.) சென்சாரில் அந்தத் தூரம் ஏறத்தாழ 21.6 மி.மீ. இவ்வரைபடங்கள் பல, தயாரித்த லென்ஸை அளந்து வரைந்தவை அல்ல, வடிவமைப்பிலிருந்து கணக்கிட்டவை. கையில் உள்ள லென்ஸ் அவ்வாறே இருக்கும் என்பதற்கு அவை உறுதி அல்ல.

சுருக்கமாக: பிரிதிறனும் கான்ட்ராஸ்டும் வெவ்வேறு, ‘ஷார்ப்’ என்று யாரேனும் சொன்னால் இரண்டில் எதைச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.

அப்பர்ச்சர் மாறினால் கூர்மை ஏன் மாறுகிறது

கோள வடிவில் தேய்க்கப்பட்ட கண்ணாடி தன் ஓரத்தில் விழும் கதிர்களைத் தேவைக்கு அதிகமாகவே வளைத்துவிடுகிறது. நடுவில் நுழைந்த கதிர்கள் சேரும் இடத்துக்கு முன்பாகவே ஓரக் கதிர்கள் சேர்ந்துவிடுவதால், புள்ளியைச் சுற்றி மெல்லிய ஒளிப்படலம் படர்கிறது. இது கோளப் பிறழ்ச்சி. சிறிய லென்ஸ் ஒன்றை முழுவதும் திறந்து எடுத்த படத்தில், கருங்கூந்தலின் இழைகள் தனித்தனியே தெரிந்தும் அவற்றின் மேல் பால் தெளித்தது போன்ற வெளிர்மை படிந்திருந்தால், அது பெரும்பாலும் இந்தப் பிழைதான்.

துளையைச் சுருக்கினால் ஓரக் கதிர்கள் தடுக்கப்பட்டுவிடுகின்றன. துளையின் விட்டம் பாதியானால், அதாவது எஃப்/2-இலிருந்து எஃப்/4-க்குப் போனால், இப்பிழையின் முதன்மைப் பகுதியால் வரும் கலங்கல் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகிவிடுகிறது. மூலைகளைக் கெடுக்கும் பிழைகளில் சில இவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. துளை பாதியானால் அவையும் பாதிதான் ஆகின்றன. ஒரு நிலை (எஃப்/2-இலிருந்து எஃப்/2.8-க்கு என்பதுபோல) சுருக்கியதுமே படத்தின் நடுப்பகுதி தெளிந்துவிட, மூலைகள் தெளிய எஃப்/5.6 வரை போக வேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

அதற்காகச் சுருக்கிக்கொண்டே போகவும் முடியாது. சிறிய துளையின் விளிம்பைக் கடக்கும் ஒளி தானாகவே விரிகிறது. இயற்பியலில் இதை விளிம்பு விளைவு என்பார்கள். இது கண்ணாடியின் தரத்தைப் பொறுத்தது அன்று. எல்லா லென்ஸ்களுக்கும் பொது. இதனால் ஒரு புள்ளி எஃப்/2.8-இல் 4 மைக்ரோமீட்டருக்கும் குறைவான வட்டாகவும், எஃப்/8-இல் ஏறத்தாழ 11 மைக்ரோமீட்டர் வட்டாகவும், எஃப்/16-இல் ஏறத்தாழ 21 மைக்ரோமீட்டர் வட்டாகவும் விழுகிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 6 மைக்ரோமீட்டர். எஃப்/16-இல் எடுத்த படத்தை வைத்து இரு லென்ஸ்களை ஒப்பிடுவதில் பயனில்லை. இரண்டும் ஒன்றுபோலவே மங்கியிருக்கும்.

படத்தின் ஓரங்களில், வெளிர்வானத்துக்கு எதிரே உள்ள கிளைகளின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலப்பச்சையுமாக மெல்லிய கோடு தெரியலாம். வெவ்வேறு நிறங்களின் பிம்பங்கள் வெவ்வேறு அளவில் விழுவதால் வரும் பக்கவாட்டு நிறப் பிறழ்ச்சி இது. துளையைச் சுருக்கினாலும் போகாது. ஆனால் மென்பொருள் இதை எளிதில் அகற்றிவிடும் என்பதால் லென்ஸை நிராகரிக்கும் அளவுக்கு இது பெரிய குறை அன்று.

மூலை மங்கலாக இருந்தால்

மூலை மங்கலுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றுக்கும் தீர்ப்பு வேறு. முதலாவது, லென்ஸின் ஃபோகஸ் தளம் தட்டையாக இல்லாமல் கிண்ணம்போல வளைந்திருப்பது. சுவரைப் படமெடுத்தால் நடு தெளிவாகவும் மூலை மங்கலாகவும் வரும். மூலையிலேயே ஃபோகஸ் செய்து மீண்டும் எடுத்தால் மூலை தெளிந்து நடு மங்கிவிடும். மனிதர்களைப் படமெடுப்பவருக்கு இது பொருட்டே அன்று. கட்டடங்களை எடுப்பவருக்குத் தொல்லை. இரண்டாவது, மூலையில் ஃபோகஸ் செய்தும் தெளியாதிருப்பது. அது வடிவமைப்பின் எல்லை. மூன்றாவது, நான்கு மூலைகளில் ஒன்றோ இரண்டோ மட்டும் மங்கியிருப்பது. கண்ணாடிகளில் ஒன்று அச்சிலிருந்து விலகியோ சாய்ந்தோ பொருத்தப்பட்டிருப்பதன் அடையாளம் அது. இதை மைய விலகல் என்கிறார்கள். இது அந்த மாதிரி லென்ஸின் குறை அன்று, கையில் உள்ள அந்த ஒரு பிரதியின் குறை. மாற்றிக் கேட்க வேண்டியது இந்த ஒன்றுக்காகத்தான் என்பது என் கருத்து.

சிறிய லென்ஸ்களில் இன்னொன்றும் உண்டு. நேர்கோடுகள் வளைந்து தெரியும் உருச்சிதைவையும் மூலை இருட்டையும் கேமராவே திருத்திக் கொடுக்கும் என்று கருதி வடிவமைக்கப்பட்டவை பல. திருத்தத்தின்போது மூலையில் உள்ள பிக்சல்கள் இழுத்து நீட்டப்படுகின்றன. இருண்ட மூலை வெளிச்சமாக்கப்படுகையில் மணல் தூவியது போன்ற புள்ளி இரைச்சல் கூடுகிறது. இதை ஏமாற்று வேலை என்று கோபிப்பவர்கள் உண்டு. திருத்திய பின் கிடைக்கும் மூலை நன்றாக இருந்தால் வழி எதுவானால் என்ன என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒப்பிடும்போது இரு லென்ஸ்களையும் திருத்திய நிலையிலேயே ஒப்பிட வேண்டும்.

கூர்மையைச் சோதிக்கும் முறை

கேமராவை முக்காலியில் நிறுத்தி, அதிர்வுத் தடுப்பை அணைத்து, குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் (ஒளியுணர்திறன் அளவில்), டைமர் வைத்து, கேமரா மெருகேற்றாத ‘ரா’ கோப்பாக எடுக்க வேண்டும். திரையில் உருப்பெருக்கிக் கையாலேயே ஃபோகஸ் செய்தால் ஆட்டோஃபோகஸின் தவறு லென்ஸின் தலையில் விழாது. செங்கல் சுவரைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கேமரா சுவருக்குச் சரியான இணையாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் மங்கி, இல்லாத மைய விலகல் இருப்பதுபோலத் தெரியும். தொலைவில் உள்ள கட்டட வரிசை இதைவிட நம்பகமானது. ஒரே கட்டடத்தை வெவ்வேறு படங்களில் நான்கு மூலைகளிலும் வைத்து எடுத்து ஒப்பிடலாம். வெயில் ஏறிய பின் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்று தொலைவுக் காட்சியை அலையவைக்கும் என்பதால் காலை வேளையே ஏற்றது. தொலைவில் சிறப்பாக இருக்கும் லென்ஸ் மிக அருகில் மென்மையாகிவிடக்கூடும். அரை மீட்டர் தூரத்திலும் ஒரு படம் எடுத்துப் பார்ப்பது நல்லது.

பிறகு, பார்க்கும் முறை. 24 மெகாபிக்சல் படத்தை ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் கொண்ட திரையில் நூறு சதவீத அளவில் பார்ப்பது, ஏறத்தாழ 160 செ.மீ. அகலமுள்ள அச்சுப் படத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். இதில் கவனிக்கப்படாத விளைவு ஒன்று இருக்கிறது. ஃபோகஸ் ஆழம் என்பது முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் பரப்பின் அளவு. ஃபுல் ஃப்ரேமில் 40 மி.மீ. லென்ஸால் எஃப்/2-இல் ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால் வழக்கமான கணக்கின்படி ஆழம் சுமார் 7 செ.மீ. ஒரு பிக்சலையே அளவுகோலாக்கி நூறு சதவீதத்தில் பார்த்தால் அது ஏறத்தாழ ஒன்றரை செ.மீ.யாகச் சுருங்கிவிடுகிறது. முகத்தைப் படமெடுத்துவிட்டு, இமை தெளிவாக இருக்கக் காது மங்கியிருப்பதைக் கண்டு லென்ஸைச் சந்தேகிப்பவர் உண்மையில் இந்த ஆழத்தைத்தான் பார்க்கிறார். பிக்சல் எண்ணிக்கை வேறுபட்ட இரு கேமராக்களின் படங்களை ஒப்பிடுவதானால் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும்.

ரெண்டரிங்: ஃபோகஸுக்கு வெளியே நடப்பது

ரெண்டரிங் என்ற சொல்லை விளக்கமே இல்லாத மாயக் குணமாகப் பேசுகிறார்கள். அது மாயம் அன்று. ஃபோகஸுக்கு வெளியே உள்ள ஒளிப்புள்ளி சென்சாரில் ஒரு வட்டாக விரிகிறது. அந்த வட்டின் அளவு, வடிவம், உள்ளே ஒளி பரவியிருக்கும் விதம் ஆகியவையே பின்னணியின் தன்மையை முடிவு செய்கின்றன. மங்கலின் இந்தத் தன்மைக்குப் பொக்கே என்று பெயர். மங்கல் எவ்வளவு என்பது வேறு. எப்படிப்பட்ட மங்கல் என்பது வேறு.

அளவு பெரும்பாலும் துளையின் விட்டத்தைப் பொறுத்தது. 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் துளை 47 மி.மீ.; 40 மி.மீ. எஃப்/2.8 லென்ஸில் அது 14 மி.மீ. ஒரே அளவில் முகத்தை நிரப்பி எடுத்தால் தொலைவான பின்னணி முன்னதில் மூன்று மடங்குக்கும் அதிகமாகக் கரையும். சிறிய லென்ஸிடம் இந்தக் கரைசலை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. எவ்வளவு கரைகிறதோ அது இதமாக இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும்.

இதத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும், மேலே பார்த்த அதே கோளப் பிறழ்ச்சி. அதைச் சற்றே திருத்தாமல் விட்டால், பின்னணி வட்டுகளின் விளிம்பு மெல்லக் கரைந்து மென்மையாகும். முன்னணி வட்டுகள் கடினமாகும். அளவுக்கு மீறித் திருத்தினால் பின்னணி வட்டுகளின் விளிம்பில் பிரகாசமான வளையம் தோன்றும். அப்போது பின்னால் உள்ள புல்லும் சுள்ளியும் இரட்டைக் கோடுகளாகிக் கண்ணை உறுத்தும். கூர்மையைக் கெடுக்கும் பிழையே பின்னணியை அழகாக்குகிறது என்பதுதான் இங்கே புரிந்துகொள்ள வேண்டியது. 2019-இல் வெளிவந்த சிக்மா 45 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பொக்கேயின் மென்மையை முன்னிறுத்தி வடிவமைக்கப்பட்ட அந்த லென்ஸ், முழுத் திறப்பில் மிக அருகில் எடுக்கும்போது மென்மையாகவும், துளையைச் சுருக்கியதும் தெளிவாகவும் படம் தருகிறது. கூர்மையை மட்டும் அளப்பவருக்கு அது குறை. வடிவமைத்தவருக்கு அது தெரிந்தே எடுத்த முடிவு.

இரவில் தொலைவில் உள்ள சிறு விளக்குகளை வேண்டுமென்றே ஃபோகஸ் தவறவிட்டு எடுத்தால் இவை எல்லாம் ஒரே படத்தில் தெரிந்துவிடும். நடுவில் உள்ள வட்டு முழு வட்டமாக இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக அது பூனைக்கண் போல ஒடுங்கினால், லென்ஸின் உடல் சாய்வான கதிர்களை மறைக்கிறது என்று பொருள். சிறிய லென்ஸ்களில் இது வழக்கம். துளையைச் சுருக்கியதும் வட்டு பலகோணமானால் அது துளையைச் சுருக்கும் தகடுகளின் வடிவம். வட்டுக்குள் வெங்காயத்தை நறுக்கியது போன்ற நுண்வளையங்கள் தெரிந்தால், அவை கோள வடிவில் அமையாத ஆஸ்ஃபெரிக்கல் கண்ணாடியை அச்சில் வார்த்தபோது பதிந்த தடங்கள்.

எதிர்வெளிச்சத்தைத் தாங்கும் திறனும் ரெண்டரிங்கில் சேரும். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அது உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். 1935-இல் சைஸில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா கண்டறிந்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சின் வழிவந்தவைதான் இன்றைய பூச்சுகள். குறைந்த கண்ணாடிகள் கொண்ட சிறிய லென்ஸ் இங்கே இயல்பாகவே முந்திக்கொள்கிறது. நிறத்தைப் பொறுத்தவரை அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அதில் பெரும்பங்கு கேமராவுக்கும் மென்பொருளுக்கும் உரியது.

இந்தப் பகுதியின் சாரம்: மங்கலின் அளவைத் துளை தருகிறது, குணத்தைத் திருத்தப்படாத பிழைகள் தருகின்றன, கூர்மையும் மென்மையும் ஒன்றையொன்று இழுக்கின்றன.

ஆட்டோஃபோகஸ்: லென்ஸும் கேமராவும் சேர்ந்து செய்யும் வேலை

ஆட்டோஃபோகஸைப் பற்றிய தீர்ப்பு எதுவும் லென்ஸைப் பற்றிய தீர்ப்பு மட்டும் அன்று. எங்கே ஃபோகஸ் செய்ய வேண்டும் என்று கணிப்பது கேமரா. அங்கே கண்ணாடியைக் கொண்டுபோய் நிறுத்துவது லென்ஸ். கேமரா இரண்டு வழிகளில் கணிக்கிறது. லென்ஸின் இடப்பாதி வழியாக வந்த பிம்பத்தையும் வலப்பாதி வழியாக வந்த பிம்பத்தையும் ஒப்பிட்டு, எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பதை அறிவது ஃபேஸ் டிடெக்‌ஷன். கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போய், கான்ட்ராஸ்ட் உச்சத்தைத் தாண்டிக் குறையத் தொடங்கியதும் திரும்பி வருவது கான்ட்ராஸ்ட் டிடெக்‌ஷன். இரண்டாவது முறையில் ஃபோகஸ் முன்னும் பின்னுமாக ஒருமுறை ஆடி நிற்பதைக் கண்ணாலேயே காணலாம்.

லென்ஸின் பங்கு, எதை நகர்த்துகிறது, எந்த மோட்டாரால் நகர்த்துகிறது என்பதில் இருக்கிறது. பெரிய லென்ஸ்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் எடை குறைந்த ஒரு சிறு தொகுதி மட்டுமே நகர்கிறது. தட்டையான லென்ஸில் அதற்கு இடம் இல்லாததால் எல்லாக் கண்ணாடிகளும் ஒன்றாக முன்னும் பின்னும் போகும் அமைப்பே பெரும்பாலும் கையாளப்படுகிறது. 2009-இல் வந்த பானசோனிக் 20 மி.மீ. எஃப்/1.7 லென்ஸ் படத்தின் தரத்துக்காகப் புகழ்பெற்றதும், மெதுவான ஆட்டோஃபோகஸுக்காகக் குறை கேட்டதும் இந்த ஒரே வடிவமைப்பின் இரண்டு விளைவுகள். சிறு சிறு படிகளாகச் சுழலும் ஸ்டெப்பிங் மோட்டாரும், பற்சக்கரம் இல்லாமல் காந்த விசையால் நேராகத் தள்ளும் லீனியர் மோட்டாரும் ஓசையைக் குறைத்திருக்கின்றன. எனினும் நகர வேண்டிய எடை அதிகமாக இருந்தால் மோட்டாருக்கும் எல்லை உண்டு.

சோதிக்கும்போது வேகத்தையும் துல்லியத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ‘பட்டென்று பிடிக்கிறது’ என்பதால் சரியான இடத்தில் பிடித்துவிட்டது என்று ஆகாது. அச்சிட்ட தாள் ஒன்றைச் சாய்வாக வைத்து, நடுவில் உள்ள ஒரு வரியில் முழுத் திறப்பில் ஃபோகஸ் செய்து எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் முதலில் ஃபோகஸை மிக அருகுக்கோ மிகத் தொலைவுக்கோ கொண்டுபோய்விட்டு மீண்டும் பிடிக்கவைக்க வேண்டும். எழுத்துகள் எந்த வரியில் கருமையாக இருக்கின்றன என்று படத்துக்குப் படம் பார்த்தால் போதும். எல்லாப் படங்களிலும் ஒரே பக்கமாகத் தவறியிருந்தால் அது சீரான பிழை. ஒளியைத் திருப்பும் ஆடி (மிரர்) உள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் ஃபோகஸை அளக்கும் பகுதி சென்சாருக்கு வெளியே தனியாக இருப்பதால் இது நேர்கிறது. அவற்றில் பலவற்றில் இதற்கான நுண்திருத்தம் உண்டு. ஆடி இல்லாமல் சென்சாரிலேயே அளக்கும் மிரர்லெஸ் கேமராக்களில் இச்சிக்கல் மிக அரிது. ஒரு படத்தில் மேல் வரியும் அடுத்ததில் கீழ் வரியுமாக மாறி மாறித் தவறினால், அதற்குத் திருத்தம் கிடையாது. முழுத் திறப்பில் சரியாக இருந்து எஃப்/2.8, எஃப்/4-இல் மட்டும் தெளிவு பின்னோக்கி நகர்ந்தால் குற்றவாளி ஆட்டோஃபோகஸ் அன்று. கோளப் பிறழ்ச்சி உள்ள லென்ஸில் துளை சுருங்கும்போது ஃபோகஸ் இடமே சற்று மாறுவது இயல்பு.

நகரும் பொருளைத் தொடர்வது இதைவிடக் கடினமான தேர்வு. சாதாரண நடை வேகம் வினாடிக்கு 1.4 மீட்டர் என்று கொண்டால், முன்பு சொன்ன 7 செ.மீ. ஆழத்தை நடந்து வருபவர் 1/20 வினாடியில் கடந்துவிடுகிறார். ஒருவரைக் கேமராவை நோக்கி நடக்கச் சொல்லித் தொடர்ச்சியாகப் படமெடுத்து, அருகில் வரும்போது எத்தனை படங்களில் கண் தெளிவாக இருக்கிறது என்று பார்த்தால் லென்ஸின் மோட்டார் எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்பது தெரியும். வீடியோ எடுப்பவர் மோட்டாரின் ஓசையையும், ஃபோகஸ் மாறும்போது காட்சியின் அகலம் விரிந்து சுருங்குகிறதா என்பதையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் ஒருமுறை, எதிர்வெளிச்சத்தில் ஒருமுறை என்று இதே சோதனைகளைத் திரும்பச் செய்தால் பலவீனம் எங்கே என்பது வெளிப்படும்.

ஆட்டோஃபோகஸைப் பற்றிய மதிப்புரைகளைப் படிக்கும்போது அவை எந்தக் கேமராவில் எப்போது சோதித்து எழுதப்பட்டவை என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். லென்ஸின் கண்ணாடி வெளிவந்த நாளில் இருந்தபடியே இருப்பதால், கூர்மையையும் பொக்கேயையும் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதியது இன்றும் பெரும்பாலும் பொருந்தும். ஆட்டோஃபோகஸ் அப்படி அன்று. கேமராவுக்கும் லென்ஸுக்கும் தயாரிப்பாளர்கள் வெளியிடும் ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள் மென்பொருள்) மேம்பாடுகளாலும், புதிய கேமராக்களின் வேகமான கணிப்பாலும், முன்பு தடுமாறிய லென்ஸ் இன்று நன்றாகவே பிடிக்கக்கூடும். ஆகவே இரண்டின் ஃபர்ம்வேரையும் புதுப்பித்த பிறகு, தாம் பயன்படுத்தப்போகும் கேமராவிலேயே அந்த லென்ஸைப் பொருத்திச் சோதித்துப் பார்க்க வேண்டும்.